தோள்ல தூக்குற எடையும் தோள்ல வாங்குற உதையும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பெங்களூர்ல பசங்க ஏர் ரைஃபிள் கத்துக்கிறத பத்தி எழுதியிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்வில முக்கால்வாசி வேட்டை துப்பாக்கி பத்தித்தான். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், நம்ம நாட்டுல வேட்டை கிடையாது, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் 9வது பிரிவுலயே அத மூடியாச்சு. அதனால கீழ வர்ற வேட்டை ரைஃபிள் பேச்செல்லாம் வெளிநாட்டுல லைசென்ஸ் எடுத்து போறவங்களுக்கு.

சார், இந்திரா நகர்ல ஐடி வேலைல இருந்தேன், இப்ப நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் போறேன். புது டீம்ல ஒருத்தர் வருஷா வருஷம் சதர்ன் ஆல்ப்ஸ் மலைல தார்ங்கிற காட்டு ஆட்ட வேட்டையாட போறவராம், லைசென்ஸ் எடுத்துட்டு வா கூட்டிட்டு போறேங்கிறார். மலை ஏறணும்கிறதால இருக்கிறதுலயே லைட்டான ரைஃபிள் வாங்குன்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றான், .300 வின்செஸ்டர் மேக்னம்ங்கிற பெரிய தோட்டா போடுற ரைஃபிள் வாங்கிட்டா எந்த மிருகத்துக்கும் கவலையில்லன்னு இன்னொருத்தன். ரெண்டையும் சேத்து, லைட் ரைஃபிள்ல .300 மேக்னமா வாங்கிடலாமா? என் வெயிட் 62 கிலோ. – கா.ம., இந்திரா நகர்

வேணாம் தம்பி. ரெண்டு பேரும் தனித்தனியா சொன்னதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, ஆனா சேத்தா உங்க தோள் தாங்காது.

கணக்கு இதுதான். ஒரு தோட்டா வெடிக்கும்போது குண்டும் புகையும் முன்னாடி எவ்ளோ வேகத்துல என்ன எடையில போகுதோ அதுக்கு சமமா துப்பாக்கி பின்னாடி வரணும், அத நீங்க மாத்த முடியாது, துப்பாக்கி கனமா இருந்தா மெதுவா வரும், லேசா இருந்தா வேகமா வரும். லோடு ஏத்தின லாரி பள்ளத்துல மெதுவா இறங்கும், காலி லாரி டிரைவர தூக்கி போடும்ல, அதேதான். 4 கிலோ ரைஃபிள 3 கிலோ ஆக்கினா அதே தோட்டா மூணுல ஒரு பங்கு அதிகமா உதைக்கும். இப்ப ஸ்கோப்போட (குறி பாக்குற தொலைநோக்கி) சேத்து 3.2 கிலோ இருக்கிற ரைஃபிள்ல ஒவ்வொரு தோட்டா வகையா போட்டு பாருங்க, .243 வின்செஸ்டர் சுமார் 14 ஜூல் உதைக்கும், 6.5 க்ரீட்மோர் 20, 7 எம்எம்-08 ரெமிங்டன் 22, .308 வின்செஸ்டர் 25, உங்க ஃப்ரெண்ட் சொல்ற .300 மேக்னம் 45. அந்த 45ஐ எடுத்து இன்னும் லேசான ரைஃபிள்ல, 2.5 கிலோல போட்டீங்கன்னா 58 பக்கம் போயிடும். மொத ரெண்டு மூணு தோட்டா வீம்புக்கு சுட்டுடுவீங்க, அப்புறம் ட்ரிகர்ல விரல் வெக்கும்போதே கண்ணு தானா மூடும், தோள் சுருங்கும், குண்டு எங்கயோ போகும். ஒரு தடவ அந்த பழக்கம் வந்துட்டா போக்குறதுக்கு மாசக்கணக்குல ஆகும், ரேஞ்சுல கோச்சுங்க அதிகமா மல்லுக்கட்டுறது இதோடத்தான்.

சரி, அவ்ளோ உதை வாங்கி என்ன லாபம்னு பாத்தா அதுவும் பெருசா இல்ல. 200 மீட்டருக்கு ஸ்கோப் செட் பண்ணிட்டு 300 மீட்டர்ல சுட்டா .308 குண்டு ஒரு சாணுக்கு கொஞ்சம் கூட கீழ இறங்கும், .300 மேக்னமும் கிட்டத்தட்ட அவ்ளோதான், ரெண்டு விரல் அகலம் கம்மியா இறங்கும். மேக்னத்தோட பலம் அதத் தாண்டின தூரத்துல, பெரிய மிருகத்துலதான் தெரியும். புதுசா கத்துக்கிறவங்க 300 மீட்டர தாண்டி உயிரோட இருக்கிற மிருகத்த சுடவே கூடாதுங்கிறது என் கட்சி, காயப்பட்டு ஓடிப்போய் எங்கயாவது பாறை இடுக்குல ரெண்டு நாள் கழிச்சு சாகும்.

அதனால வரிசைய மாத்துங்க. மொதல்ல தோட்டா, அப்புறம்தான் ரைஃபிள் எடை. உங்க உடம்புக்கும் தார் மாதிரி மிருகத்துக்கும் 7 எம்எம்-08 இல்லன்னா 6.5 க்ரீட்மோர். மொதல்து 1980ல வந்தது, .308 தோட்டாவோட பித்தளைக் கூட்டு வாய சுருக்கி 7 மில்லிமீட்டர் குண்டு போட்டது. இதுல ஒரு நம்மூர் சங்கதியும் இருக்கு, 1907ல சம்பாவத் ஆட்கொல்லி புலிய சுட்டதுக்காக ஜிம் கார்பெட்டுக்கு பரிசா குடுத்த ரைஃபிள் .275 ரிக்பி, அதாவது ஜெர்மன்காரன் 7x57 மவுசர்ங்கிற தோட்டாவுக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேர். 7 எம்எம்-08 போடுற குண்டு அதே விட்டம், வேகமும் கிட்டத்தட்ட அதேதான். 6.5 க்ரீட்மோர் 2007ல வந்தது, நீளமான ஒல்லி குண்டு, காத்துல கம்மியா விலகும், உள்ள நல்லா இறங்கும், கடையில தோட்டாவும் தாராளமா கிடைக்கும், அது ஒரு பெரிய சவுகரியம். .308 வாங்குனாலும் தப்பில்ல, 1952லருந்து இருக்கு, சின்ன ஊர் கடையிலயும் வெச்சிருப்பாங்க. .243 மான் வரைக்கும் அருமை, ஆனா கொம்பு வெச்ச பெரிய சிவப்பு மான் கடா, நல்லா வளந்த ஆண் தார்னா குண்டு போற இடம் துல்லியமா இருக்கணும், அதனால மொத ரைஃபிளுக்கு அத விட்டுடுங்க.

இந்த நாலு தோட்டாவும் ஷார்ட் ஆக்ஷன்ல உக்காரும், அதாவது தோட்டாவ உள்ள தள்ளி மூடுற போல்ட் நகர்ற தூரம் கம்மி, அதனால இரும்பும் கம்மி. .30-06, .270 எல்லாம் லாங் ஆக்ஷன் கேக்கும். லைட் வெயிட்டுக்கு இதுவே மொத மிச்சம், காசு செலவில்லாம.

அடுத்து எடை எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க. கேட்டலாக்ல போட்டிருக்கிறது வெறும் ரைஃபிள் எடை, நீங்க மலையில தூக்குறது அது இல்ல. ஸ்கோப்பும் மவுண்ட்டும் அரை கிலோ, வார், மேகசின்ல தோட்டா, நியூசிலாந்துல சைலன்சர் சட்டப்படி சரிங்கிறதால நிறைய பேர் போடுறாங்க அது ஒரு 300, 400 கிராம். ஃபின்லாந்து டிக்கா டி3எக்ஸ் லைட் சுமார் 2.9 கிலோ, எல்லாம் மாட்டினா 3.6 தாண்டிடும். அமெரிக்க கிம்பர் மவுன்டன் அசென்ட்னு ஒண்ணு 2.2 கிலோல வருது, அதெல்லாம் பல வருஷம் மலை ஏறி சுட்டுப் பழகினவங்களுக்கு. ரொம்ப லேசான ரைஃபிள் மூச்சு வாங்கும்போது கையில நிக்காது, நெஞ்சு அடிக்கிறது ஸ்கோப்ல தெரியும். என் கணக்குல வெறும் ரைஃபிள் 2.7லருந்து 3 கிலோக்குள்ள, சைலன்சர் தவிர எல்லாம் சேத்து 3.6 தாண்டாம இருந்தா போதும். 50 எம்எம் கண்ணாடி வெச்ச பெரிய ஸ்கோப் வேணாம், 3-9x40 போதும், அதாவது 3லருந்து 9 மடங்கு பெருசா காட்டுற, 40 எம்எம் கண்ணாடி வெச்சது. சைலன்சர் மாட்டப்போறீங்கன்னா பேரல் 18லருந்து 20 இன்ச்ல எடுங்க, 24 இன்ச் பேரல்ல மாட்டினா புதர்ல எல்லாம் சிக்கும். இன்ச்சுக்கு விநாடிக்கு 7, 8 மீட்டர் வேகம் குறையும், அந்த தூரத்துல அது ஒரு விஷயமே இல்ல. பேரல் முனையில மாட்டி புகைய பக்கவாட்டுல திருப்புற மஸில் பிரேக் மட்டும் வேணாம், உதை குறையும்தான், ஆனா சத்தம் பக்கத்துல நிக்கிறவன் காத செவிடாக்கும், மலையில யாரு காதுல சத்தம் தடுக்கிற மஃப்ஸ் மாட்டிட்டு நடக்கிறா.

ஒல்லி பேரல் சீக்கிரம் சூடாகும், மூணு தோட்டாக்கு மேல சுட்டா குண்டு கொஞ்சம் கொஞ்சமா விலகும்னு சொல்லி பயமுறுத்துவாங்க, உண்மைதான், ஆனா வேட்டையில முக்கியம் ஆறிப்போன பேரல்ல போற மொத குண்டு. ரேஞ்சுல அத தனியா செக் பண்ணுங்க, ஒரு தோட்டா சுட்டு, அரை மணி நேரம் ஆற வெச்சு, அடுத்தது.

எடை பத்தி சந்தேகம்னா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாவனதுர்கா போய், பையில மூணரை கிலோ அரிசிய கட்டி ஏறிப்பாருங்க. வலிக்கிறது அந்த மூணரை கிலோவா இல்ல நம்ம தொப்பையான்னு அங்கயே தெரிஞ்சிடும்.

சட்டம் ரெண்டு வரி. அங்க ஃபயர்ஆர்ம்ஸ் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வாங்க முடியாது, 2019 கிறைஸ்ட்சர்ச் மசூதி தாக்குதலுக்கு அப்புறம் இந்த மாதிரி பெரிய தோட்டா (சென்டர்ஃபயர்) போடுற செமி ஆட்டோமேட்டிக், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவ தானா ஏத்திக்கிற துப்பாக்கி, பெரும்பாலும் தடை, அதனால கையால போல்ட்ட இழுத்து தோட்டா ஏத்துற போல்ட் ஆக்ஷன்தான் பாருங்க. அரசு காட்டுல வேட்டைக்கு தனியா பெர்மிட் எடுக்கணும். பாவம் இல்லையான்னு வீட்டுல கேப்பாங்க, அதுக்கும் ஒரு வார்த்த. நியூசிலாந்துல வௌவால தவிர சொந்தமா தரைப் பாலூட்டியே கிடையாது, மான், தார் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்து விட்டது. இமயமலை தார 1904ல மவுண்ட் குக் பக்கம் விட்டாங்க, இப்ப அது மலைச் செடிகள மேஞ்சு தீர்க்குதுன்னு அரசாங்கமே குறைக்கிறாங்க. நம்ம நீலகிரி வரையாட்டுக்கு தூரத்து சொந்தம் மாதிரிதான் இருக்கும் பாக்க, நம்ம ஊர்ல அத காப்பாத்த போராடுறோம், அங்க இது தொல்லை.

ஐயா, என் பொண்ணு நார்வேல பிஎச்டி முடிச்சுட்டு அங்கயே செட்டில் ஆயிட்டா, மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். இப்ப வேட்டை பரீட்சை பாஸ் பண்ணிட்டேன்னு ஃபோட்டோ அனுப்புறா! எல்க்ங்கிற பெரிய மான சுடப்போறாளாம், அது எருமை சைஸ் இருக்குமாமே. அவளுக்கு என்ன துப்பாக்கி, அவ ஒல்லியா இருப்பா. – ஒரு அம்மா, ஸ்ரீராமபுரம்

எருமை இல்லம்மா, அதுக்கும் மேல உயரம். ஆனா பயப்படாதீங்க, அந்த ஊர்க்காரங்க நூறு வருஷத்துக்கு மேல 6.5x55ங்கிற தோட்டாலதான் அத சுட்டுட்டு இருக்காங்க. 1894ல ஸ்வீடனும் நார்வேவும் சேந்து படைக்காக உருவாக்கினது, மேல சொன்ன 6.5 க்ரீட்மோருக்கு அண்ணன் முறை. உதை மிதமானது, குண்டு நீளம், உள்ள ஆழமா போகும். பொண்ணு ஒல்லியா இருந்தாலும் தாங்கும். ஸ்வீடன் சட்டத்துல எல்க் மாதிரி பெரிய மிருகத்துக்கு குண்டு 9 கிராமுக்கு மேல, 100 மீட்டர்ல 2,700 ஜூல் இருக்கணும், 10 கிராம் குண்டுன்னா 2,000 ஜூல் போதும்னு எழுதி வெச்சிருக்காங்க, வழக்கமான 6.5x55 லோடுக்குள்ள 10 கிராம் குண்டு இருக்கிறதால அது பாஸ் ஆயிடும். நார்வேலயும் தோட்டாக்கு விதி இருக்கு, கடையில கேட்டா சரியான பெட்டிய எடுத்து குடுப்பாங்க.

எனக்கு நார்வேல ரொம்ப பிடிச்சது இன்னொண்ணு. பெரிய மிருகம் சுடுறவங்க வருஷா வருஷம் முன்னாடியே 30 தோட்டா பயிற்சி சுட்டு, அப்புறம் 100 மீட்டர்ல 5 குண்டும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ள போடணும், இல்லன்னா அந்த வருஷம் பெரிய மிருகத்த சுட போக முடியாது. 30 தோட்டா சுடுறதுக்கு உதைக்காத துப்பாக்கி வேணும்னு அப்பதான் எல்லாருக்கும் புத்தி வரும். அங்க நின்னு சுடணும், காத்திருக்கணும், மலை ஏறி இறங்குறது எல்லா இடத்துலயும் இருக்காது, அதனால பொண்ணுக்கு 3 கிலோக்கு கீழ வேணும்னு ஒண்ணும் இல்ல. எடைய விட முக்கியம் ஸ்டாக்கோட, அதாவது தோள்ல வெக்கிற கட்டையோட நீளம். துப்பாக்கி பெரும்பாலும் ஆறடி ஆளுக்கு அளவெடுத்து வருது, கை குட்டையா இருந்தா ஸ்டாக் தோள்ல சரியா உக்காராம பக்கவாட்டுல இடிக்கும், அதுதான் உதைய விட அதிகமா வலிக்கும். பின்னாடி இருக்கிற ஸ்பேசர கழட்டி நீளம் குறைக்கிற மாடலா பாக்க சொல்லுங்க.

சார் என் பையனுக்கு 11 வயசு, ஸ்கூல் ஏர் ரைஃபிள் டீம்ல சேரணும்கிறான். லைட் வெயிட் ரைஃபிள் வாங்கி குடுக்கலாம்னு பாத்தா கோச் கனமா இருக்கிறது நல்லதுங்கிறார், குழப்பமா இருக்கு. – மல்லேஸ்வரம் வாசகி

கோச் சரியாத்தான் சொல்றார். இங்க தூக்கிட்டு மலை ஏற போறதில்ல, ஒரே இடத்துல நின்னு 10 மீட்டர்ல அசையாம பிடிக்கணும், எடை இருந்தா அசைவு கம்மி. போட்டி விதில ரைஃபிள் 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம். உதையும் இல்ல, காத்து துப்பாக்கி. ஆனா 11 வயசு முதுகு பாவம், ஆரம்பத்துல ஸ்டாண்ட் மேல வெச்சு சுட விடுவாங்க, அப்படியே ஒரு வருஷம் போகட்டும், கிளப் ரைஃபிள்லயே. சொந்தமா வாங்க அவசரம் வேணாம், பையன் வளந்துடுவான். லைசென்ஸ் பத்தி அடுத்து கேப்பீங்க, .177 காலிபர், 20 ஜூலுக்கு உள்ளன்னா வேணாம்.

அண்ணே, என் ரூம்மேட் குடகு பையன். அவங்க வீட்டுல லைசென்ஸே இல்லாம துப்பாக்கி இருக்கு. லீவுக்கு வா, காபி தோட்டத்துல பன்னி வரும் சுடலாம்னு கூப்பிடுறான். போலாமா? – ர., மாரத்தஹள்ளி

காபி குடிக்க போங்க. பாண்டி கறியும் (குடகு பன்னிக் கறி) சாப்பிடுங்க, அது பண்ணை பன்னியா இருக்கட்டும்.

லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்கிறது உண்மைதான், கொடவர்களுக்கும் ஜம்மாங்கிற குடகு பரம்பரை நிலம் வெச்சிருக்கிறவங்களுக்கும் ஆர்ம்ஸ் ஆக்ட் 41வது பிரிவுல விலக்கு குடுத்திருக்கு, 2029 வரைக்கும் நீட்டிச்சும் இருக்காங்க, 2021ல கர்நாடக ஹைகோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா அது துப்பாக்கி வெச்சிருக்க விலக்கு, அதுவும் அவங்களுக்கு. நீங்க மாரத்தஹள்ளிலருந்து போய் அத கையில வாங்கி சுட்டா உங்களுக்கு எந்த விலக்கும் கிடையாது. காட்டுப்பன்னி வேற வனவிலங்கு சட்டத்துல வருது, பயிர நாசம் பண்ணினாலும் 11வது பிரிவுல தலைமை வனவிலங்கு காப்பாளரோ அவர் அதிகாரம் குடுத்த ஆபீசரோ எழுத்துல அனுமதி தரணும். ஃப்ரெண்ட் வாய் வார்த்த அனுமதி இல்ல.

தாத்தாவோட இஷாப்பூர் .315 ரைஃபிள் ஊர்ல இருக்கு. ரொம்ப கனம். பேரல கொஞ்சம் வெட்டி, ஸ்டாக்க மாத்தி லைட் ஆக்கலாம்னு லேத் பட்டறைல சொல்றாங்க. பண்ணலாமா? – சிவாஜி நகர்லருந்து ஒருத்தர்

அந்த பட்டறை பக்கமே போகாதீங்க. பேரல சுருக்குறதுக்கே ஆர்ம்ஸ் ஆக்ட் 6வது பிரிவுல தனி லைசென்ஸ் வேணும், இல்லன்னா கேஸ். அதவிட அவசரமான கேள்வி ஒண்ணு, தாத்தா இருக்காரா? இல்லன்னா அந்த லைசென்ஸ் அவரோடயே போச்சு, துப்பாக்கிய போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ டெபாசிட் பண்ணிட்டு வாரிசு பேர்ல விண்ணப்பம் போடணும், வீட்டு பரண்ல வெச்சிருக்கிறதே தப்பு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சிருக்கவும் முடியாது. கனமா இருக்கிறதுக்கு காரணம் கேட்டீங்கன்னா, அது பழைய லீ என்ஃபீல்ட் படைத் துப்பாக்கி அமைப்புல செஞ்சது, சிப்பாய் போட்டு அடிச்சாலும் உடையக்கூடாதுன்னு கட்டினது. அந்த எடை இருக்கிறதாலதான் தாத்தா அத தோள் வலிக்காம சுட்டிருப்பார்.

ஆஸ்திரேலியால ரேஞ்சுல சுட்ட காலி தோட்டா கூடு ஒண்ணு, கீ செயின் பண்ண கொண்டு வரலாமா? – கே.ஆர்.புரம்

வேணாம். ஏர்போர்ட் எக்ஸ்ரேல அது காலியா நிரம்பினதான்னு தெரியாது, நிறுத்தி போலீஸ கூப்பிடுவாங்க, ஃப்ளைட் போயிடும். தெரியாம பையில ஒரு தோட்டா இருந்துச்சுன்னு சொன்னவங்க கேஸ கோர்ட் ரத்து பண்ணியிருக்கு, அறிஞ்சே வெச்சிருந்தாத்தான் குத்தம்னு, ஆனா அதுக்கு வக்கீல், வாய்தா, பாஸ்போர்ட் தொல்லைன்னு எவ்ளோ அலையணும். ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க.

டெக்சாஸ்ல இருக்கிற என் தம்பி மான் கறி வீட்டுக்கு கொண்டு வர்றான், சின்ன குழந்தைங்க சாப்பிடுது. குண்டுல ஈயம் இருக்குமே, பரவாயில்லையா? – டாக்டர் இல்லாத ஒரு அக்கா, அல்சூர்

டாக்டர் கேக்க வேண்டிய கேள்விதான் கேட்டிருக்கீங்க. ஈயக் குண்டு மிருகத்துக்குள்ள போனதும் பொடிப்பொடியா சிதறும், கண்ணுக்கு தெரியாத துணுக்கு காயத்த சுத்தி ஒரு கை அகலத்துக்கும் மேல போயிருக்கும். குழந்தைங்க, கர்ப்பமா இருக்கிறவங்க ஈயத்துல சுட்ட கறிய தவிர்க்கணும்னு பிரிட்டன், ஜெர்மனி உணவு அமைப்புகள் சொல்லியிருக்காங்க. கலிபோர்னியால 2019 ஜூலைலருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே தடை, அங்க அது கறி சாப்பிடுற மனுஷனுக்காக மட்டும் இல்ல, மிச்சத்த தின்னு செத்துட்டிருந்த காண்டார் கழுகுக்காகவும்.

தம்பிய முழு தாமிரக் குண்டுக்கு மாற சொல்லுங்க. சிதறாது, பூ மாதிரி விரிஞ்சு முழுசா நிக்கும். ரெண்டு விஷயம் கவனிக்கணும். தாமிரம் ஈயத்த விட எடை கம்மி, அதனால அதே எடைக்கு குண்டு நீளமாயிடும், சில பழைய பேரல்ல சரியா சுழலாது. விரியறதுக்கு வேகமும் வேணும், அதனால ஈயத்துல போடுற எடைய விட ஒரு படி லேசான குண்டா எடுத்தா நல்லது, .308ல 165 க்ரெயின் (குண்டு எடைக்கான அளவு) ஈயம் போடுறவர் 150 க்ரெயின் தாமிரம். உதையும் கொஞ்சம் குறையும். ஏற்கனவே ஃப்ரீசர்ல இருக்கிற கறில காயத்த சுத்தின பாகம், கொத்துக்கறியா அரைச்சது ரெண்டையும் குழந்தைங்களுக்கு குடுக்காதீங்க, அரைக்கும்போது துணுக்கு எல்லா கறிலயும் கலந்துடும்.